யார் யாரைக் கேட்டார்கள் என்று மான்யிக்குத் தெரியும்

கேமரூனின் வூரி ஆறு தினமும் இரண்டு தடவை பின்பக்கமாக நடக்கும். கடல் ஏற்றம் தள்ளுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். அதையெல்லாம் நம்பக் கூடாது. டூவாலா நகரின் பொனபேரிக்குத் திரும்பி வந்து மான்யி பெர்பெத்துவாவிடம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் போகத்தான் ஆறு அப்படிச் செய்கிறது. எந்த ஓடை எந்த ஓடையிடம் தண்ணீர் வாங்கியது, எந்த மீன் யார் தயவில் நீந்துகிறது என்று அவருக்குத்தான் தெரியும். சுல்தானுக்குத் தன் அரண்மனையில் யார் யாருடைய ஆள் என்று தெரியாது. பிஷப்புக்குத் தன் கோயிலுக்கு யார் யாருக்காக வருகிறார்கள் என்று தெரியாது. மான்யிக்கோ நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களில் ஒவ்வொன்றும் யார் பேச்சைக் கேட்டு நடக்கிறது என்று தெரியும். கேமரூன் மலைகூட வெடிப்பதற்கு முன்னால், அவருடைய வேலை முடிந்துவிட்டதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

இத்தனை பெருமையும் உட்கார்ந்திருப்பது ஒரு கை உடைந்த நாற்காலியில்.

நாற்காலி இருப்பது ஜோமோவின் கம்பெனியில். லாரி எடை மேடைகளுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி அது. லாரி மேடையில் ஏறி நின்றால், புரோகிராம் எத்தனை கிலோ என்று பார்த்துப் பலகையில் காட்டும்; ஒரு சீட்டும் அடித்துக் கொடுக்கும். துறைமுகத்துக்குப் போகும் கோகோ லாரிகளுக்காக வாசலிலேயே சொந்தமாக ஒரு மேடையும் வைத்திருந்தார் ஜோமோ. செருப்புத் தைப்பவன் தன் செருப்பையே போட்டுக்கொண்டு திரிவது போல.

பெர்பெத்துவா அதெம்கெங் அங்கே வேலைக்குச் சேர்ந்தது சீட்டு ஜன்னலில். அந்த ஜன்னலின் திறப்பு ஒரு சாண் உயரம். வைத்தவன் எந்த அளவை மனத்தில் வைத்து வைத்தானோ, உள்ளே உட்கார்ந்தால் வெளியே நிற்பவரின் தாடை மட்டும்தான் தெரியும். ஆறு வருஷம் தாடைகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். இன்றைக்கும் தெருவில் எந்த டிரைவராவது வணக்கம் சொன்னால், கொஞ்சம் குனிந்து தாடையைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்வார்.

இரட்டைப் பிள்ளை பெற்றவளை மான்யி என்று கூப்பிடுவதுதான் மரியாதை. பெர்பெத்துவாவுக்கு இரண்டு பையன்கள், ஒரே அச்சு. கைக்குழந்தையாக இருந்தபோது ஒருவனுக்கே இரண்டு தடவை பால் கொடுத்துவிட்டு மற்றவனை விட்டுவிட்டார். விடுபட்டவன் அழவே இல்லை. சாயங்காலம் துணி மாதிரித் துவண்டு கிடந்தான். அன்று முதல், பால் குடித்தவன் கையில் சிவப்பு நூல் கட்டுவார். “பசிச்ச பிள்ளை அழும்னு எவனோ பொய் சொல்லி வச்சிருக்கான். பசிச்ச பிள்ளை சும்மாத்தான் கிடக்கும்” என்பார். பையன்கள் இப்போது மீசை வைத்துக்கொண்டு பமெண்டாவில் இருக்கிறார்கள். நூல் கட்டும் புத்தி மட்டும் அம்மாவிடம் தங்கிவிட்டது.

புரோகிராமை முதலில் எழுதியவர் யாவுண்டேயிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர். ஒருநாள் அவருக்கு மாண்ட்ரியலுக்கு விசா கிடைத்தது. போகிற அவசரத்தில் மனைவியை மறக்காமல் கூட்டிப் போனார், புரோகிராமை மறந்துவிட்டார். ஜோமோ சுற்றும்முற்றும் பார்த்தார். சீட்டு ஜன்னலில் ஒருத்தி ஒருநாள்கூடத் தப்பாகச் சீட்டுக் கொடுத்ததில்லை என்று நினைவு வந்தது.

“இங்க வந்து உட்காரு. இந்தப் பட்டனை அமுக்கு. அது வெந்து முடியற வரைக்கும் பக்கத்துலயே இரு. அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதான் இல்லை. வெந்து முடிய ஏழு மணி நேரம் ஆகும். பொனபேரியில் கரண்ட் தொடர்ந்து நாலு மணி நேரம் இருந்தால் அன்றைக்குப் பண்டிகை.

இதை இங்கே கொஞ்சம் உடைத்துச் சொல்லாவிட்டால் மான்யியின் பெருமை விளங்காது. ஃபைல்கள் இரண்டு வகை. ஒரு வகை வேலை செய்யும். இன்னொரு வகை வேலை செய்யாது, சட்டம் சொல்லும். அதற்கு ஹெடர் என்று பெயர். லாரியைப் பற்றி எழுதினால் முதலில் வண்டி எண், அடுத்து டிரைவர் பெயர், மூன்றாவது எடை என்று ஒரு ஹெடர் சொல்லி வைக்கும். வேலைக்கார ஃபைல்கள் அதைப் படித்துக்கொண்டு கம்பைலர் என்னும் அடுப்பில் போய் வெந்து வரும். சட்டம் மாறினால் அதைப் படித்த அத்தனை பேரையும் மறுபடி வேகவைக்க வேண்டும். படிக்காதவர்களைத் தொட வேண்டாம். இப்படிச் செய்தால் ஏழு மணி நேரம் பத்து நிமிஷமாகிவிடும்.

ஆனால் யார் எதைப் படித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஹெடர் தனியாக வராது. சாவு விருந்துக்கு ஒருவரை அழைத்தால், அவர் மச்சினனைக் கூட்டி வருவார், மச்சினன் தன் முதலாளியைக் கூட்டி வருவான், முதலாளி தன் டிரைவரை உள்ளே வரச் சொல்வார். கடைசியில் கோழிக்கால் யாருக்குப் போனது என்று செத்தவருக்கே தெரியாது.

மான்யி ஒன்றைக் கண்டுபிடித்தார். கம்பைலரைக் கேட்டால் அது சொல்லும். கேட்காவிட்டால் வாய் திறக்காது; அந்த வகையில் அது அரசாங்க ஆபீஸ். ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அடுப்பைப் பற்றவைத்தால், வேகவைத்துக்கொண்டே இங்கிலீஷில் முணுமுணுக்கும்: “குறிப்பு: இந்த ஃபைலைச் சேர்க்கிறேன். குறிப்பு: இந்த ஃபைலைச் சேர்க்கிறேன்.” ஒருவர் கூட்டி வந்தவரை ஓர் இடம் தள்ளி எழுதும். அவர் கூட்டி வந்தவரை இன்னும் ஓர் இடம் தள்ளி எழுதும். மச்சினனின் முதலாளியின் டிரைவர்வரை எல்லாம் அதில் இருக்கும்.

மான்யி இரண்டு மாதம் உட்கார்ந்து நூற்றுப் பதினேழு வரியில் ஒரு கருவி எழுதினார். கம்பைலரின் முணுமுணுப்பை அது பக்கத்தில் நின்று கேட்கும். அந்தக் ‘குறிப்பு’ என்ற பாட்டோடு தொடங்கும் வரிகளை மட்டும் பிடித்து, முன்னால் இருக்கும் காலியிடத்தை நறுக்கி, பெயரை எடுத்துப் பட்டியலில் போடும். கம்பைலரின் சொந்த வீட்டு ஹெடர்களை விட்டுவிடும். அவை ஒருநாளும் மாறாது. பாட்டுத் தெரியாத வரி எது வந்தாலும் அது திட்டாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கும் என்று திரையில் ஓட விட்டுவிடும். அடுத்த தடவை பட்டனை அமுக்கினால், பட்டியலைப் பார்த்து, சட்டம் மாறியவர்களுக்கு மட்டும் அடுப்பு.

முதல்நாள் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. ஜோமோ கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அன்றோடு சீட்டு ஜன்னலுக்கு வேறு ஆள் வந்தது.

இப்போது பெசெம். வயது பதினெட்டு, படிப்பு நான்காம் படிவத்தோடு அவளை விட்டு விலகிக்கொண்டது. எடைப் பலகையில் வரும் வாசகங்களை ஒரு ஹெடரில் தட்டி வைப்பது அவள் வேலை. மேலே பாதி இங்கிலீஷ், கீழே பாதி பிரெஞ்சு: ‘வருக’, ‘வண்டியை நிறுத்து’, ‘இன்ஜினை அணை’. இந்த வேலை வருஷத்துக்கு நாலு நாள்கூட வராது. மீதி நேரத்தில், காவல்காரனின் விசிலுக்குள் சோளப்பொரி போடுவாள், ஜோமோவின் கார் ஹாரனுக்கும் பின்விளக்குக்கும் கல்யாணம் செய்து வைப்பாள். இவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. இருந்தும் இந்தக் கதையில் கொஞ்சம் சலுகை காட்டப்பட்டிருக்கிறது.

ஒருநாள் மின்னல் இறங்கி மான்யியின் கம்ப்யூட்டர் கருகியது. ஜோமோ அக்வா கடைவீதிக்குப் போய் யாரோ பயன்படுத்திய ஒன்றை வாங்கி வந்தார். அதில் எல்லாமே பிரெஞ்சு. பட்டன் பிரெஞ்சு, திட்டு பிரெஞ்சு, கம்பைலரும் பிரெஞ்சு.

“கடைசியில ஒழுங்கா பேசற மெஷின் வந்திருச்சு” என்றார் ஜோமோ.

“என் கருவிக்கு அது என்ன பேசினா என்ன, முதலாளி?” என்றார் மான்யி. இந்த வாக்கியத்தைப் பிற்பாடு அவர் திரும்பச் சொன்னதாக யாரும் கேட்கவில்லை.

புதிய மெஷினில் எல்லாவற்றையும் ஒரு தடவை முதலிலிருந்து வேகவைத்தார். பட்டனை அமுக்கியபோது திரையில் பிரெஞ்சு வரிகள் அருவி மாதிரிக் கொட்டின. மூன்று மாதம் தினமும் கொட்டின. வேலை முன்னைவிட வேகமாக முடிந்தது. சில நாள் நாற்பது வினாடி. மெஷின் நல்ல மெஷின் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு ஒரு கொள்முதல் கம்பெனி, தங்களுக்கு வரும் விவரத்தில் லாரியின் டிரெய்லர் எண்ணும் வேண்டும் என்று கேட்டது. சின்ன விஷயம். மான்யி ஹெடரைத் திறந்து, மூன்றாம் இடத்தில் டிரெய்லர் எண்ணைச் செருகி, எடையை நாலாம் இடத்துக்குத் தள்ளினார். எடை பார்க்கும் ஃபைலில் எண்ணைக் கேட்டு வாங்க இரண்டு வரி சேர்த்தார். பலகையிலும் சீட்டிலும் எண் காட்ட வேண்டியதில்லை. அவற்றைக் கவனிக்கும் ஃபைல்களை அவர் தொடவில்லை. பட்டனை அமுக்கினார். முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் லாரி மோலா எவாங்கேயுடையது. முப்பது வருஷமாகக் கோகோ ஓட்டும் மனிதர். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார், ஜன்னலுக்குள் தலையை நுழைக்கப் பார்த்தார், முடியாமல் ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டார்.

“மான்யி, இது என்ன? முன்னூத்திப் பன்னெண்டு கிலோவாம்! நானும் என் கிளீனரும் காலையில பீன்ஸ் தின்னுட்டு நின்னாலே அவ்வளவு வருவோமே. அப்ப லாரி எங்க, மூட்டை எங்க?”

“கோகோ இல்ல மோலா, பஞ்சு ஏத்திட்டு வந்திருப்பீங்க” என்றாள் பெசெம்.

“உன் மூளையை ஏத்திட்டு வந்தா இவ்வளவுகூட வராது, போடி.”

அடுத்த லாரி தொண்ணூறு டன் காட்டியது. அதன் டிரைவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு சுமந்த வண்டியை இனித் தான் ஓட்ட முடியாது என்று இறங்கி உட்கார்ந்துவிட்டார். எவாங்கேதான் தன் சீட்டையே உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தார். “முன்னூத்திப் பன்னெண்டு என் டிரெய்லர் நம்பர் இல்ல?”

மான்யி ஃபைல் ஃபைலாகத் திறந்தார். ஹெடர் சரி. எடை பார்க்கும் ஃபைல் சரி. சீட்டு அடிக்கும் ஃபைல் சரி: ஹெடர் எடை என்று எதைச் சொல்கிறதோ அதை அடி என்றுதான் எழுதியிருக்கிறது. ஜோமோவும் ஒரு வரி விடாமல் விரலை வைத்துப் படித்தார். எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. வெந்து வந்ததுதான் பொய் சொன்னது.

“எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து வேக வைங்க மான்யி” என்றாள் பெசெம், வாயில் பஃப்-பஃப் பணியாரத்தோடு.

“ஏழு மணி நேரம் உங்க அப்பனா வந்து கரண்ட் குடுப்பான்? என் பட்டியல் எதையும் மறுபடி வேக வைக்க வேணாம்னு சொல்லுது.”

“பட்டியலே தப்பா இருந்தா?”

நீ கட்டிய சிவப்பு நூல் தப்புப் பிள்ளை கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரு தாய் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தார் மான்யி.

ஜோமோவுக்கு மனசு நல்லா இருந்தால் ‘மான்யி’ என்பார். கெட்டிருந்தால் ‘மதாம் அதெம்கெங்’. அன்று மத்தியானம் வந்து நின்றார்.

“மதாம் அதெம்கெங், வெள்ளிக்கிழமை காலையில கொள்முதல் கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா வராங்க. எடை போட்டுக் காட்டணும். ஃபைல்ல எழுதினது சரியா இருக்கு, நானே படிச்சேன். மேடையும் சரியா இருக்கு. நடுவுல இருக்கிறது உங்க கருவி ஒண்ணுதான். வெள்ளிக்கிழமையும் இதே கூத்துன்னா, யாவுண்டேலேர்ந்து படிச்ச ஆள் யாரையாவது கூட்டி வந்துடுவேன். உங்களுக்கு வேலை போகாது, பயப்படாதீங்க. சீட்டு ஜன்னல் இருக்கவே இருக்கு.”

பயப்படாதீங்க என்று அவர் சொன்ன விதத்தில் மான்யியின் கண்ணுக்கு முன்னால் வரிசையாகத் தாடைகள் வந்து நின்றன.

புதன்கிழமை முழுதும் பட்டனை அமுக்கினார். திரையில் வரிகள் கொட்டின, நின்றன. நாற்பது வினாடி. எவாங்கேயின் வண்டி மேடையில் ஏறியது: முன்னூற்றுப் பன்னிரண்டு. “நான் இளைச்சுட்டேன்னு வீட்டில சொல்லிக்கறேன்” என்றார் அவர். வழக்கமாக இதற்கு இரண்டு மடங்கு பதில் கொடுக்கும் மான்யி தலையை மட்டும் ஆட்டினார். பெசெம் யாரும் கேட்காமலே போய் அவருக்கு ஒரு தட்டுப் பீன்ஸ் வாங்கி வந்து வைத்தாள். அதில் மிளகாய் ஒன்றைப் பொதிந்து வைக்கவும் மறக்கவில்லை. அவ்வளவு தங்கமான மனசு இல்லை அவளுக்கு.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பட்டனை அமுக்கிய பத்தாவது வினாடி கரண்ட் போனது. பாட்டரிப் பெட்டி கீச்சென்று கத்தியது. அது கத்தினால் மான்யி பழக்கமாக ஓர் அழுத்து அழுத்தி ஓட்டத்தை நிறுத்திவைப்பார். பாதி வெந்தது கெட்டுப் போகாமல் இருக்கும். நிறுத்தினார். ஜெனரேட்டரைக் கிளப்பக் காவல்காரன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அதுவரை செய்ய ஒன்றும் இல்லை. அருவி உறைந்து திரையில் நின்றது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது ஓடாமல் நின்றது, அவரும் வேறு வேலை இல்லாமல் நின்றார்.

இந்த நாட்டில் எந்தக் காகிதமும் இரண்டு மொழியில்தான் வரும். பிறந்த சான்றிதழும் அப்படி, அபராதச் சீட்டும் அப்படி. ஜோமோ மாதிரிப் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுப் பாதியைப் படிப்பார், மான்யி மாதிரி இங்கிலீஷ்காரர் இங்கிலீஷ் பாதியை. மறுபாதி படிக்கத் தெரியாததால் அல்ல. அரை வாழ்க்கை டூவாலாவில் இருந்துகொண்டு யாருக்குத் தெரியாது? அது அடுத்த வீட்டுக்காரன் தபால் மாதிரி. அதைப் படிப்பது நாகரிகமில்லை. சின்ன வயதிலிருந்து கண்ணுக்கு அந்தப் பழக்கம். அந்தப் பக்கம் வந்தால் கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

மான்யி அடுத்த வீட்டுத் தபாலைப் பிரித்தார். ஒரு வரி படித்தார். அடுத்த வரி. நாற்பது வரியும் ஒரே மாதிரித் தொடங்கின. சில வரிகள் ஓர் இடம் தள்ளி, சில இரண்டு இடம் தள்ளி.

“முதலாளி!” என்று கத்தினார். ஜோமோ ஓடி வந்தார்.

“இதில என்ன எழுதியிருக்கு?”

ஜோமோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “‘குறிப்பு: இந்த ஃபைலைச் சேர்க்கிறேன்.’ நல்லாத்தானே சொல்லுது. தெனமும் இதைத்தான் சொல்லிட்டிருக்கு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? என் மொழிம்மா அது.”

“மூணு மாசமாத் தெரியுமா?”

“மூணு மாசமாத்தானே மெஷின் இருக்கு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். திரை உங்களோடது.”

மான்யி நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்தார். மூன்று மாதமாக அவர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. ஒழுங்காக இருக்கும் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தை யார் திறக்கிறார்கள்? நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். ஒவ்வொன்றின் கீழும் வெறுமை. யாரும் யாரையும் படிக்கவில்லை, யாரும் யாரோடும் வரவில்லை. அத்தனையும் அநாதை. கருவி இங்கிலீஷ் பாட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. கம்பைலர் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் எல்லாவற்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சட்டம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. கையால் தொட்ட ஃபைல்கள் மட்டும் வெந்தன. சீட்டு ஃபைல் மூன்று மாதப் பழசாகவே இருந்து, எடை இன்னமும் மூன்றாம் இடத்தில் இருப்பதாக நம்பி, அங்கே போய் டிரெய்லர் எண்ணை எடுத்து வந்து கொடுத்தது. அது வாய் திறந்து அழவும் இல்லை.

நூற்றுப் பதினெட்டாவது வரியை எழுத மான்யிக்கு நாலு நிமிஷம் ஆனது: இந்தப் பாட்டு வந்தாலும் பிடி, அந்தப் பாட்டு வந்தாலும் பிடி. பிறகு வெந்ததை எல்லாம் அழித்தார்.

“இதைத்தானே நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்” என்றாள் பெசெம்.

“நீ சொன்னபடி அழிச்சிருந்தா அன்னைக்கே சரியாயிருக்கும். அடுத்த ஹெடரை மாத்தின அன்னைக்கு மறுபடியும் மோலா எவாங்கே இளைச்சிருப்பாரு. ஏன்னே தெரிஞ்சிருக்காது.”

ஜெனரேட்டர் பத்து மணிக்கு ஆரம்பித்தது. ஜோமோ சொந்தக் காரிலிருந்து டீசலை உறிஞ்சி ஊற்றினார். திரையில் இப்போது ஒரு வரிகூட ஓடவில்லை. எல்லாம் பட்டியலுக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த அமைதியே மான்யிக்குப் புதிதாக இருந்தது. மூன்று மணி வாக்கில் பெசெம் வந்து நாற்காலியின் பின்னால் நின்றாள்.

“எல்லாமே வேகுதா மான்யி?”

“எல்லாமே.”

“பலகை வாசகம் இருக்கிற ஹெடர்... அதைப் படிக்கிற ஃபைலும் கூடவா?”

“அதுவும்தான்.”

“அதில ஒண்ணும் மாறல. அதை விட்டுடலாம், டீசல் மிச்சம்.”

“மாறாததுக்கு உனக்கு ஏன்டி வேர்க்குது?”

“ஜெனரேட்டர் சூடு” என்று சொல்லிவிட்டுப் போனவள் அன்று மறுபடி அந்த அறைப் பக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கு வெந்து முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொள்முதல் கம்பெனி அம்மாள் வந்து இறங்கினார். எவாங்கே, கல்யாணத்துக்குப் போவது போல் சட்டையைச் செருகிக்கொண்டு லாரியை மேடையில் ஏற்றினார். ஜோமோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மான்யி வாசற்படியில் நின்றார். கையில் பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தார், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கப் போவதில்லை.

பலகையின் மேல்பாதியில் எண் வந்தது: நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது.

“நான் மறுபடி குண்டாயிட்டேன்!” என்று எவாங்கே லாரிக்குள்ளிருந்து கத்தினார்.

அம்மாள் தன் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஜோமோ மூச்சை விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அவர் கண் எப்போதும் போல் கீழ்ப்பாதிக்குப் போயிருந்தது. அங்கே அதே எண், பிரெஞ்சில். அதன் கீழே ஒரு வரி.

*இந்தத் தராசைக் கட்டியவர் மான்யி பெர்பெத்துவா. சந்தேகம் இருந்தால் இறங்கி நடந்து போ.*

அம்மாளுக்குப் பிரெஞ்சுதான் மொழி. படித்தார், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

ஜோமோவுக்குச் சிரிப்பு வரவில்லை. “மதாம் அதெம்கெங், எடை சரி. இது என்ன? கம்பெனிப் பலகையில சொந்த விளம்பரமா? இதுக்குத்தான் உங்களை அந்த நாற்காலில உட்கார வச்சேனா?”

மான்யியும் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் முன்புவரை அவர் கண் அந்தப் பாதியைத் தாண்டிப் போயிருக்கும். இப்போது கண்ணுக்குத் தாண்டும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு தடவை படித்தார்.

“நான் எழுதல முதலாளி.”

“உங்களைப் பத்தி உங்களைத் தவிர வேற யாரு எழுதப் போறாங்க?”

மான்யி கையில் இருந்த அச்சுத் தாளைப் புரட்டினார். பலகை ஃபைல், அதன் கீழே ஓர் இடம் தள்ளி, வாசக ஹெடர். அந்த ஹெடர் கடைசியாக மாறிய தேதியும் பக்கத்தில் இருந்தது: புது மெஷின் வந்த நாலாம் நாள். அன்றைக்குத் தட்டி வைத்த வரி. நூல் கட்டத் தெரியாத கருவியால் மூன்று மாதம் அடுப்பையே பார்க்காமல் கிடந்து, நேற்றைக்குத்தான் மற்றவர்களோடு சேர்ந்து வெந்து வந்திருக்கிறது.

“பெசெம்!”

“பஃப்-பஃப் வாங்கப் போறேன் மான்யி.”

“அப்புறம் போகலாம், வா. உனக்குத்தான் பிரெஞ்சு சரியா வராதே. யாரைக் கேட்டு எழுதினே?”

பெசெம் தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாக ஜோமோவைப் பார்த்தாள்.

ஜோமோவின் முகத்தில் ஏதோ ஒன்று ஊர்ந்தது. “‘இறங்கி நடந்து போ’... ஏய், இதை நீ என்கிட்டல்ல கேட்டே! காவல்காரனை வெரட்டறதுக்குன்னு சொன்னியே. நானே நின்னு ரெண்டு தடவை திருத்திக் குடுத்தேன்.”

“காவல்காரனுக்கும் பொருந்தும் முதலாளி.”

அம்மாள் கைக்குட்டையை எடுத்துவிட்டு வெளிப்படையாகவே சிரித்தார். எவாங்கே லாரியிலிருந்து இறங்கி, நாலு அடி நடந்து காட்டினார். ஜோமோ இருமினார், கண்ணாடியைத் துடைத்தார், பலகையை இன்னொரு தடவை பார்த்தார். தன் கையால் திருத்திய வாக்கியத்தில் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

“நல்ல பிரெஞ்சு. இருந்துட்டுப் போகட்டும்” என்றார். “மான்யி, வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள போய் உங்க எடத்தில உட்காருங்க.”

மான்யி உட்காரப் போகவில்லை. பெசெமின் காதைப் பிடித்தார்.

“மூணு மாசம் முன்னாடி எழுதினே. பலகையில வரலன்னு தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கருவி செவிடுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். நானும் மூணு நாள் சாப்பிடாம கிடந்திருக்க மாட்டேன்.”

“நீங்க கண்டுபிடிச்சு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் மான்யி. திட்டுவீங்கன்னு ஒளிஞ்சிட்டே இருந்தேன். சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் எழுதினேன்.”

“வேடிக்கைக்கு எழுதறவ மேல்பாதியில எழுதுவாடி. நான் பார்த்துக் கத்தணும்னு எழுதுவா. நீ நான் படிக்காத பாதியாப் பார்த்து எழுதியிருக்கே. ஊரெல்லாம் படிக்கணும், எனக்கு மட்டும் தெரியக் கூடாது. இது என்ன வகை வேடிக்கை?”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கையில் வைத்திருக்கும் பெசெமுக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. அவர் பிடித்த காதைத் தடவிக்கொண்டே இதை எழுத உட்கார்ந்து இத்தனை பக்கம் ஆகியும் எனக்கு இன்னும் அகப்படவில்லை.